பானை ஏறும் முன் தீர வேண்டிய பாக்கி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பர்மாவில் பெகுவுக்குத் தெற்கே நெல்லும் உளுந்தும் போடுகிற குடும்பத்துப் பெண் நான். உங்கள் பத்திரிகையைக் கைப்பேசியில்தான் படிக்கிறேன். கரண்டும் இணையமும் ஒன்றாக இருக்கிற நேரம் வாய்க்க வேண்டும். அதனால் உங்கள் பொங்கல் மலரை நான் முழுசாகப் படித்து முடிப்பதற்குள் தை பாதி போய்விட்டது. ஆறிப்போன சங்கதிக்குக் கடிதமா என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

மலரின் கடைசிப் பக்கத்தில் வெளிநாட்டுத் தமிழர் பொங்கல் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. அடுக்குமாடி வீட்டுச் சமையலறை, காஸ் அடுப்பு, குக்கர் கழுத்தில் மஞ்சள் கொத்து, பட்டுப்பாவாடை கட்டிய குழந்தைகள். படங்கள் அழகாக இருந்தன. லண்டனிலும் டொரொண்டோவிலும் தை மாதக் குளிரில் இவ்வளவாவது செய்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கட்டுரையாளர் முடிக்கிற இடத்தில், வயலும் மாடும் இல்லாத கடல் கடந்த தமிழருக்குப் பொங்கல் என்பது ஊர் நினைப்பு, அவ்வளவுதான் என்கிற மாதிரி எழுதிவிட்டார்.

எங்களுக்கு வயல் இருக்கிறது ஐயா. மாடும் இருக்கிறது. எங்கள் பானையில் பொங்கியது கார்த்திகைக் கடைசியில் நாங்கள் அறுத்த நெல். ஊர் நினைப்பில் பொங்கல் வைக்க எனக்கு அந்த ஊரே தெரியாது. தஞ்சாவூர் ஜில்லாவை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

கீழ்ப் பர்மாவில் மழை வைகாசியில் பிடித்தால் ஐப்பசி வரை விடாது. ஆனியில் நாற்று விட்டு, ஆடி ஆவணியில் நட்டு, கார்த்திகை மார்கழியில் அறுப்போம். தை பிறக்கும்போது நெல் வீட்டில் இருக்கும். உங்கள் பக்கத்தில் மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறக்க முடியாமல் தள்ளிப்போகிற வருஷங்களில், பொங்கலன்று சம்பா இன்னும் வயலிலேயே நிற்கிறது என்று நீங்களே செய்தி போடுகிறீர்கள். எங்களுக்கு அணையும் கிடையாது, பக்கத்து மாநிலத்தோடு வழக்கும் கிடையாது. வானம் கொடுத்தால் உண்டு. அந்தக் கணக்கில் பார்த்தால் பஞ்சாங்கமும் களமும் ஒன்றாக வருகிற பொங்கல் எங்களுடையதுதான் என்று வம்புக்குச் சொல்லலாம். வம்பு வேண்டாம், விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கொள்ளுத்தாத்தா இங்கே வந்தது அறுப்புக்கு. அந்தக் காலத்தில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆட்கள் கப்பலேறி அறுப்பு நேரத்துக்கு வந்து இறங்குவார்கள். அறுப்பு முடிந்ததும் ரங்கூன் அரிசி மில்களில் மூட்டை தூக்குவார்கள். மழைக்கு முன்னால் கூலியை முடிந்துகொண்டு திரும்பிவிடுவார்கள். அப்படி ஒரு தடவை திரும்பாமல் நின்றுவிட்டவர் அவர். உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அன்றைக்கு பர்மாதான். சண்டைக்கு முன்னால் ஆண்டுக்கு ஏறக்குறைய 30 லட்சம் டன் போயிருக்கிறது. சென்னை ராஜதானிக்கும் இங்கிருந்து மூட்டை மூட்டையாக வந்தது. 1942இல் ஜப்பான்காரன் பிடித்ததும் அது நின்றுபோனது. ஆக, உங்கள் மலரைப் படித்தவர்களில் பலருடைய தாத்தா பாட்டி சாப்பிட்டது நாங்கள் அறுத்த அரிசியாக இருந்திருக்கும். நினைப்பு யாருக்கு யார் மேல் இருக்க வேண்டும் என்று கட்டுரையாளர் யோசித்துப் பார்க்கட்டும்.

இங்கே வந்த தமிழரில் கூலிக்கு வந்தவர்களும் உண்டு, வட்டிக்குக் கொடுக்க வந்தவர்களும் உண்டு. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்குதான். உலகம் முழுக்க விலை விழுந்ததில் நெல்லும் விழுந்தது, வாங்கிய கடன் திரும்பவில்லை, 1938க்குள் அது நூற்றுக்கு 25 ஆகிவிட்டது. செட்டியார்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை என்று என் அப்பா சொல்வார். பணம் திரும்பியிருந்தால் அவர்களுக்கு அதுவே போதும். ஆனால் நிலத்தை இழந்த பர்மியருக்கு அந்த நியாயம் எதற்கு? தமிழன் என்றாலே கடன் வாங்கினவன் வீட்டு வாசலில் போய் உட்காருகிறவன் என்று பேர் வந்துவிட்டது. ஒரு காசு யாருக்கும் கடன் கொடுக்க வக்கில்லாத என் தாத்தாவும் சேர்ந்துதான் அந்தப் பேச்சைக் கேட்டார்.

அதனாலோ என்னவோ, எங்கள் வீட்டில் பொங்கலுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பாக்கி வைத்துக்கொண்டு பானை வைக்கக் கூடாது. உங்கள் மலரில் நான் தேடியது அதைத்தான். இயற்கைக்கு நன்றி, சூரியனுக்கு நன்றி, மாட்டுக்கு நன்றி என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. அறுத்தவளுக்குக் கூலி கொடுத்தாயா என்று ஒரு வரி இல்லை.

போகியன்று உங்கள் ஊரில் டயர் எரித்துப் புகை மூட்டம் என்று படிக்கிறேன். நாங்கள் ஒரு பழைய பாயை எரிப்பதோடு சரி. அன்றைக்குப் பெரிய வேலை நோட்டுப் புத்தகம். நாற்று விட்ட நாளிலிருந்து எழுதிய கணக்கு அதில் இருக்கும்: நடவு ஆட்களுக்கு மழைக்காலத்தில் கொடுத்த முன்பணம் போக மீதி, அறுப்புக் கூலி, அறுப்பு மெஷின் வாடகை, உரக்கடை, டீசல். பணமாக வாங்குகிறவர்களுக்குப் பணம். நெல்லாகக் கேட்கிறவர்களுக்கு நெல். இங்கே நெல்லைக் கூடைக் கணக்கில் அளப்போம். ஒரு கூடை ஏறக்குறைய 21 கிலோ வரும். முதல் கூடையை ஒன்று என்று எண்ண மாட்டோம், 'லாபம்' என்றுதான் தொடங்குவோம். அதைச் சொல்லும்போது என் மருமகன் இன்றைக்கும் சிரிப்பான். உரக்கடை பில்லைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் சிரிப்பு வராது.

கூடையை நிரப்பியதும் விளிம்பில் ஒரு கட்டையை வைத்து வழித்துவிடுவது வழக்கம். வியாபாரிக்கு அளக்கும்போது அப்பாவும் வழிப்பார், கண்ணை இமைக்காமல் வழிப்பார். கூலிக்கு அளக்கும்போது கட்டையைத் தூரப் போட்டுவிடுவார். குவியலாக, மேலிருந்து நாலு மணி உருண்டு விழுகிற மாதிரி அளந்து போடுவார். விழுந்ததையும் கூட்டி அள்ளிக்கொண்டு போகச் சொல்வார். இப்போது நான்தான் அளக்கிறேன், அதே மாதிரிதான். எவ்வளவு நெல் கூடப் போகும் என்று என் மருமகன் ஒரு தடவை கணக்குப் போட்டுக் காட்டினான். அந்தக் காகிதத்தை நான் நோட்டில் ஒட்டவில்லை.

பழைய நாளில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் களங்களில் கொல்லர், தச்சர், வண்ணார், நாவிதர், காவல்காரர் என்று ஒவ்வொருவருக்கும் அளந்து கொடுத்த பிறகே நெல் வீட்டுக்குப் போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதைப் பெரிய தர்மம் மாதிரி எழுதுகிறவர்கள் உண்டு. யாருக்கு எத்தனை மரக்கால் என்பதிலும், யார் களத்துக்கு எவ்வளவு தள்ளி நின்று வாங்க வேண்டும் என்பதிலும் சாதி இருந்தது. அது கப்பலேறாமல் அங்கேயே நின்றுவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன்; எங்கள் கோயில் திருவிழாவிலேயே பார்த்திருக்கிறேன். ஆனாலும் அளந்து முடித்த பிறகுதான் பண்டிகை என்கிற வரிசை இருந்ததே, அதை விட வேண்டியதில்லை.

1964இல் கடைகளும் வியாபாரமும் அரசாங்கத்தின் கைக்குப் போன பிறகு எங்கள் உறவில் பாதிப்பேர் கப்பலேறினார்கள். திரும்பிப் போன சித்தப்பா 1969 தொடக்கத்தில் ஒரு கடிதம் போட்டிருந்தார். அதை அப்பா எங்களை உட்காரவைத்துப் படித்துக் காட்டினார். கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25ஆம் தேதி ராத்திரி 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்துவிட்டார்கள், பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம், கூலி நெல் கூடக் கேட்டதில் வந்த வினை என்று எழுதியிருந்தார். அறுப்புக் காலம். பொங்கலுக்கு மூன்று வாரம்கூட இல்லை. அப்பா கடிதத்தை மடித்துவிட்டு, நம்மிடம் யாருக்காவது பாக்கி நிற்கிறதா என்று அம்மாவைக் கேட்டார். தை முதல் தேதி எல்லாம் தாண்டியிருந்தது அப்போது, இருந்தாலும் கேட்டார்.

எங்களுக்கும் நல்ல காலமாகவே போய்விடவில்லை. நெல்லை ஏக்கருக்கு இத்தனை கூடை என்று அரசாங்கக் கிடங்கில் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயக் கொள்முதல் 2003 வரை இருந்தது. வெளியில் விற்கிற விலை ஒன்று, அவர்கள் கொடுத்தது வேறு. வெள்ளம் வந்து விளையாத வருஷத்தில் கடன் வாங்கிச் சந்தையில் நெல் வாங்கி, அதைக் கொண்டுபோய் கிடங்கில் கொட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருஷங்களில் களத்தில் தூற்றி முடித்த கையோடு அம்மா ஒரு சின்னச் சாக்கில் பொங்கலுக்கென்று நெல்லை எடுத்து, வீட்டுக் கூரைக்கும் பரணுக்கும் நடுவில் சொருகிவிடுவாள். அதைக் கணக்கில் காட்ட மாட்டாள். என் அம்மா வாழ்நாளில் செய்த ஒரே திருட்டு அது.

சரி, பொங்கலைப் பற்றிச் சொல்கிறேன்.

பானை எங்களுக்கு துவந்தேயிலிருந்து வருகிறது. ரங்கூனுக்கு ஆற்றைத் தாண்டி இருக்கிற ஊர், மண்பாண்டத்துக்குப் பேர் போனது. பச்சரிசிக்குத் தேட வேண்டியதில்லை, இந்த நாட்டில் வருஷம் முழுக்கப் பச்சரிசிதான். பாசிப்பயறு வயலிலேயே இருக்கிறது. வெல்லத்துக்கு நாங்கள் போடுவது மேல் பர்மாவிலிருந்து வரும் பனைவெல்லம். சின்னச் சின்ன உருண்டைகளாக வரும். இங்கே டீக்கடையில் சாயாவோடு கடித்துக்கொள்வார்கள். அதில் செய்த பொங்கல் கரும்பு வெல்லப் பொங்கலைவிடக் கறுப்பாக இருக்கும், கொஞ்சம் புகை வாசம் அடிக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு விருந்தாளி அடிப்பிடித்துவிட்டது என்று நினைத்துப் பாதியில் வைத்துவிட்டார். அவருக்கு நஷ்டம். நெய்தான் எங்களுக்குத் தட்டுப்பாடு. இருக்கிற நெய்யைக் கடைசியில் மேலாக ஊற்றி, உள்ளே எல்லாம் நெய் என்று நம்பவைப்பது என் நாத்தனாரின் கைவண்ணம்.

வருஷா வருஷம் எங்கள் வீட்டில் நடக்கிற சண்டை ஒன்றையும் சொல்ல வேண்டும். பொங்கல் வைக்க நல்ல நேரம் எது? என் கொழுந்தனார் தமிழ்நாட்டுத் தினசரிக் காலண்டர் வரவழைத்து வைத்திருக்கிறார். பர்மாக் கடிகாரம் இந்தியக் கடிகாரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலண்டரில் ஏழரை என்று போட்டிருந்தால் இங்கே எட்டரைக்குத்தான் வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. காலண்டர் எந்த ஊருக்கு அச்சடித்ததோ அந்த ஊர்ச் சூரியனுக்குத்தானே அது? சென்னைக்கு விடிவதற்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் முன்பாகவே எங்களுக்கு விடிந்துவிடுகிறது. சூரியனுக்கு வைக்கிற பொங்கலுக்கு, தலைக்கு மேல் நிற்கிற சூரியனைப் பார்க்காமல் சுவரில் தொங்குகிற காகிதத்தைப் பார்ப்பானேன்? நான் அடுப்பை விடியலுக்கு முன் மூட்டிவிடுவேன். தை மாதம் இங்கே காலையில் பனி மூட்டம் கனமாக இறங்கும். பக்கத்து வயல் வரப்பே தெரியாது. பால் பொங்குகிற நேரத்துக்குப் பனி விலகி வெளிச்சம் வந்தால் சரி. வராவிட்டாலும் சூரியன் அங்கேதான் இருக்கிறது. கொழுந்தனார் எட்டரைக்கு வந்து கற்பூரம் காட்டுவார். இரண்டு பேருக்கும் திருப்தி.

காலண்டர் என்றதும் இன்னொன்று. தை ஒன்றா, சித்திரை ஒன்றா, எது தமிழ்ப் புத்தாண்டு என்று நீங்கள் அங்கே 2008இல் ஒரு சட்டமும் 2011இல் அதைத் திருப்பி இன்னொரு சட்டமும் போட்டீர்கள். எங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை. ஏப்ரல் நடுவில் பர்மியருக்குத் திஞ்ஜான், தண்ணீர்த் திருவிழா, நாடே நாலு நாள் நனைந்து கிடக்கும். சித்திரை ஒன்று அதன் நடுவில் வந்து விழுகிறது. ஊரோடு சேர்ந்து நனைந்துவிட்டு வந்தால் புத்தாண்டு பிறந்திருக்கும். தை எங்களுக்கு நெல்லோடு சரி.

மாட்டுப் பொங்கலைப் பற்றி உங்கள் மலரில் வந்ததெல்லாம் அலங்காநல்லூர் வாடிவாசல். காளை பிடிக்கிறவன் படம் நல்லாத்தான் இருக்கிறது. எங்களுக்கு இழுக்கிற மாடுதான் மாடு. கொம்பு சீவி, வர்ணம் அடித்து, நெட்டி மாலைக்குப் பதில் செவ்வந்தி கட்டுவோம். பட்டியைச் சுற்றி வந்து "பட்டி பெருக, பால் பானை பொங்க" என்று சொல்லிக்கொண்டு தண்ணீர் தெளிப்போம். பக்கத்து வயல் பர்மியக் குடும்பம் வாழைப்பழத் தாரோடு வந்துவிடும். அவர்கள் வீட்டில் மாட்டிறைச்சி வாங்குவதே இல்லை. உழுது சோறு போட்டதைத் தின்பதா என்பார்கள். பழைய பர்மிய விவசாயக் குடும்பங்களில் இது பரவலாக உண்டு. லெடி சயடோ என்ற பெரிய பிக்கு அந்தக் காலத்தில் இதை ஒரு கடிதமாகவே எழுதிப் பரப்பினார். எங்கள் மாட்டுப் பொங்கலை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் மாடு குறைந்துகொண்டே வருகிறது. முன்பு களத்தில் தாளைப் பரப்பி எருமையை விட்டு மிதிக்கவிடுவோம், வைக்கோல் முழுசாகக் கிடைக்கும். இப்போது கூபோட்டா அறுப்பு மெஷின் வந்து ஒரே வீச்சில் அறுத்து, அடித்து, வைக்கோலை வயல் முழுக்கத் துப்பிவிட்டுப் போகிறது. அதை வாரிச் சேர்க்க ஆள் கிடையாது. வைக்கோல் இல்லாமல் மாட்டுக்கு என்ன போடுவது? எங்களிடம் ஒரு ஜோடிதான் மிச்சம். உழவுக்கு கைடிராக்டர். போன பொங்கலுக்கு மருமகன் அதையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு மாட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். தவணை பாக்கி இருக்கிற வண்டிக்கு மாலையா என்று கேட்டேன். அந்தப் பாக்கி கடைக்காரனுக்கு, வண்டிக்கு இல்லை என்றான். பதில் சொல்ல முடியவில்லை.

மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை என்பதும் தெரியும். அறுக்க ஆள் எங்கே? இளவட்டங்கள் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டார்கள். 2024 பிப்ரவரியில் பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிற சட்டம் வந்த பிறகு அந்த அவசரம் ஏன் கூடியது என்பது உங்கள் பத்திரிகையிலேயே வந்தது, நான் எழுத வேண்டியதில்லை. இந்த வருஷம் நோட்டுப் புத்தகத்தில் கூலிப் பக்கம் இரண்டுதான். அதில் இருப்பவர்கள் எல்லாம் ஐம்பது தாண்டிய பெண்கள். மெஷின் போன பிறகு வரப்போரம் கதிர் பொறுக்கியவர்களும் அவர்களேதான். பொறுக்கியது அவர்களுக்கே, அதில் பங்கு கேட்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

காணும் பொங்கலன்று பெகுவில் ஷ்வேமாடோ பகோடாவுக்குப் போய்விட்டு வருவோம். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, கூட்டம்.

அப்புறம் எங்கள் பொங்கல் தை மூன்றாம் தேதியோடு முடிவதில்லை. பர்மியரின் தபோட்வே மாதப் பௌர்ணமிக்கு தமனே வருகிறது. அதுவும் புது நெல் பண்டிகைதான். பசை அரிசி, தேங்காய்க் கீற்று, வேர்க்கடலை, எள், இஞ்சி, எண்ணெய். ஆள் உட்காரலாம் போன்ற பெரிய இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றி, படகுத் துடுப்பு அளவுக்கு மரக்கரண்டி வைத்து இரண்டு பக்கமும் ஆண்கள் நின்று கிண்டுவார்கள். கடைசி அரை மணி நேரம் அரிசி இறுகிவிடும். கிண்டுகிறவன் முதுகில் வேர்வை ஓடும், சுற்றி நிற்கிறவர்கள் கத்தி உற்சாகம் ஏற்றுவார்கள். கிண்டி முடித்ததும் முதல் பங்கு புத்தருக்கு, அடுத்தது பிக்குகளுக்கு, அப்புறம் தெருவில் வீடு விடாமல். பக்கத்து வீட்டு அமாஜி வாழை இலையில் பொட்டலம் கட்டி எங்களுக்குக் கொண்டுவந்து கொடுக்கும்போது, பொங்கலன்று நாங்கள் கொடுத்தனுப்பிய தூக்குச் சட்டியையும் கழுவித் திருப்பிக் கொடுப்பாள். அதுவரை அது அவள் வீட்டில்தான் இருக்கும். சும்மா சட்டியைத் திருப்பக் கூடாது என்பதில் இரண்டு வீட்டுக்கும் ஒரே கண்டிப்பு.

இதையெல்லாம் சொல்வது எங்கள் பொங்கல் உங்கள் பொங்கலைவிட உசத்தி என்று காட்ட இல்லை. நீங்கள் பொங்கலின் அர்த்தம் என்று மூன்று பக்கம் போட்டீர்கள், அடுத்த ஐந்து பக்கம் சினிமாக்காரர்கள் தங்கள் வீட்டில் எப்படிப் பொங்கல் வைத்தார்கள் என்று போட்டீர்கள், சாமைப் பொங்கல், வரகுப் பொங்கல் செய்முறை போட்டீர்கள். திருவாரூரிலோ மன்னார்குடியிலோ நடவு நட்டு அறுத்த ஒரு அம்மாவிடம் போய், இந்த வருஷம் கூலி என்ன, முழுசாகக் கைக்கு வந்ததா, எதை வைத்துப் பானை வாங்கினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த மலரில் ஒரு பக்கம் அதற்கு ஒதுக்குங்கள். சினிமாப் பக்கத்தில் ஒன்று குறைந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

உங்களுக்கும் எங்களுக்கும் நடுவில்கூட ஒரு பாக்கி உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். நெல் அறுத்த ஈரத்தில் நாங்கள் உளுந்து விதைப்போம். உங்கள் டெல்டாவில் நெல் தரிசில் போடுகிறீர்களே, அதே பயிர். பொங்கலன்று எங்கள் வயலில் மஞ்சள் பூவோடு நிற்பது அதுதான். மாசி, பங்குனியில் பிடுங்கி அடித்ததும் நேரே வியாபாரி, ரங்கூன், கப்பல். பர்மா உளுந்தைப் பெரும்பாலும் வாங்குவது இந்தியாதான். இந்தியா வெளியிலிருந்து வாங்குகிற உளுந்தில் மிகப் பெரிய பங்கும் எங்களுடையது. உங்கள் ஊர் இட்லியிலும் வடையிலும் நாங்கள் இருக்கிறோம். 2017 ஆகஸ்டில் இந்திய அரசு திடீரென்று இறக்குமதிக்கு அளவு வைத்தது: உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து ஆண்டுக்கு 3 லட்சம் டன், அதற்கு மேல் வராது. இங்கே விலை சரிந்துவிட்டது. அடுத்த பொங்கலுக்கு முன் என் நோட்டில் பாக்கி தீராமல் நின்றது. தாலிக்கொடியைத் தவிர மீதி நகையை அடகு வைத்து அறுப்புக் கூலியைக் கொடுத்துவிட்டுத்தான் பானை ஏற்றினோம். 2021இல் உளுந்துக்கு மட்டும் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் என்று ஐந்து வருஷத்துக்கு இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டன, மூச்சு வந்தது. உங்கள் விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு எதிர்ப் பேச்சு இல்லை. அவரும் என்னைப் போல்தான். விதைக்கும் முன்னால் சொல்லுங்கள், விதைத்து முடித்த பிறகு கதவைச் சாத்தாதீர்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. ஒப்பந்தக் காலத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை உங்கள் வணிகப் பக்கத்தில் தொடர்ந்து போட்டால், கடல் கடந்த தமிழர் ஒரு சிலருக்காவது உருப்படியாக உதவும்.

கட்டுரையாளரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். 'வயலும் மாடும் இல்லாத' என்ற இடத்தில் 'பர்மா நீங்கலாக' என்று சேர்த்துக்கொள்ளட்டும். மோல்மேன் பக்கத்திலும் தட்டோன் பக்கத்திலும் இருக்கிற தமிழர்களும் அதற்குச் சம்மதிப்பார்கள்.

இதை வெளியிடுவதானால் பெகு என்று மட்டும் போட்டால் போதும். கிராமத்தின் பெயரை நான் எழுதவில்லை. கேட்டு எழுதவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெகு, பர்மா.